வெயிலும் பேரிடர்தான்

சித்திரை மாதத்தில் கோவை ஃபவுண்டரிகளில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிறவர்களின் உடல் படும் பாட்டை, வானிலை அறிக்கையின் டிகிரிக் கணக்கு சொல்லாது. உலையின் அனல், தகரக் கூரையின் சூடு, காற்றின் ஈரப்பதம் மூன்றும் சேர்ந்து ஆளை வாட்டும். இந்தக் கூட்டு வெப்பத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால்.

அதை அளக்கும் கருவி எளிமையானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, வியர்வை எவ்வளவு ஆறும் என்று காட்டும். கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் இன்னொன்று, வெயிலும் உலையும் வீசும் அனலைக் காட்டும். மூன்றாவது சாதாரண வெப்பமானி. மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் வரும் எண்தான் உழைப்பவர் மேல் விழும் வெப்பச் சுமையைச் சொல்கிறது.

தொழிற்சாலை, செங்கல் சூளை, உப்பளம், வயல் என்று வித்யாவின் குழு போய் அளந்ததில் தெரிந்தவை கவலை தருபவை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடந்த இவர் குழுவின் ஆய்வு, 2024-ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்றது அது. அதற்கு முன்பே, 2016-ல், இன்னொரு உண்மையையும் இவர்கள் எழுதினார்கள். வேலையிடத்தில் கழிப்பறை சரியில்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொல்லைகள் வருகின்றன.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இழப்பீடு இறந்த பிறகு வருவது; ஆயத்தம் உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டியது.

கொங்கு மண்டலத்துக்கு இது மற்ற இடங்களைவிட அதிகம் பொருந்தும். கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைக்கொட்டகையில் கரும்புப்பாலைக் காய்ச்சுகிறவர் கொப்பரையை விட்டு நகர முடியாது. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றும், திருப்பூரில் பீஸ் ரேட்டிலும் கூலி வாங்குகிறவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால், அந்த நேரத்துக் கூலி போச்சு. “நிழலில் இளைப்பாறுங்கள்” என்ற அறிவுரை இவர்களுக்கு எப்படி உதவும்?

கூலி பிடிக்காத ஓய்வு, கைக்கெட்டும் தூரத்தில் குடிதண்ணீர், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, மத்தியான வேலையை விடியற்காலைக்கு மாற்றுவது: செலவு அதிகம் பிடிக்காத ஏற்பாடுகள் இவை. அடுத்த பங்குனி பிறப்பதற்குள் ஒவ்வொரு முதலாளியும் இவற்றைச் செய்து முடித்திருக்க வேண்டும். செய்தார்களா என்று அதிகாரிகள் கருவியோடு போய்ப் பார்க்க வேண்டும்.