பரோட்டா தின்ற பசு ஏன் இறக்கிறது? அசைபோடும் வயிற்றின் அறிவியல்

புதுடெல்லி:

கேரள மாநிலம் கொல்லம் மாவட்டத்தில் உள்ள ஒரு பால் பண்ணையில் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 மாடுகள் உயிரிழந்தன. மேலும் பல மாடுகள் சோர்ந்து விழுந்தன. தீவனத்துடன் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மிஞ்சி அளிக்கப்பட்டதே இந்த இழப்புக்குக் காரணம் எனக் கால்நடை மருத்துவர்கள் விளக்கினர்.

மனிதர் அன்றாடம் உண்ணும் உணவு பசுவின் உயிரைப் பறிப்பது எவ்வாறு என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது. இது ஒரு பண்ணையோடு முடியும் சிக்கலன்று. திருமண வீடுகளில் மீந்த சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டுவது நாடெங்கும் உள்ள வழக்கம். மகாராஷ்டிரத்தில் போளா திருநாளன்று பூரண்போளியும், தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கலன்று பொங்கலும் மாடுகளுக்கு ஊட்டப்படுகின்றன. அன்புடன் அளிக்கப்படும் அவ்வுணவும் அளவு கடந்தால் ஆபத்தாகும்.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 19 கோடியே 25 லட்சம் மாடுகளும் சுமார் 11 கோடி எருமைகளும் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதியை வளர்ப்போர் சிறு, குறு உழவர்களும் நிலமற்றோருமே. ஒன்றிரண்டு கறவைகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு மாட்டின் இறப்பு பல மாத வருவாயின் இழப்பாகும்.

வயிற்றுக்குள் வாழும் உலகம்

புல்லிலும் வைக்கோலிலும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் நிறைந்துள்ளது. அதனைச் சிதைக்கும் நொதி மனிதர் உடலில் சுரப்பதில்லை. பன்றி, கோழி ஆகியவற்றின் உடலிலும் சுரப்பதில்லை. பசுவின் உடலிலும் அது சுரப்பதில்லை என்பதே வியப்பிற்குரியது. பசுவுக்காக அப்பணியைச் செய்பவை அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்.

பசுவின் வயிறு ரூமென், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம் என நான்கு அறைகளைக் கொண்டது. இவற்றுள் மிகப் பெரியது ரூமென். வளர்ந்த பசுவில் இது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். இங்குள்ள சாற்றின் ஒரு மில்லிலிட்டரில் மட்டும் 1,000 கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

இந்நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்து, அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய அமிலங்களை உருவாக்குகின்றன. ரூமென் சுவரின் வழியே உறிஞ்சப்படும் இவ்வமிலங்களே பசுவின் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை நிறைவு செய்கின்றன. பின்னர் நுண்ணுயிர்களும் உணவுடன் சேர்ந்து நான்காவது அறையைச் சென்றடைந்து, அங்கும் சிறுகுடலிலும் செரிக்கப்பட்டுப் பசுவுக்குப் புரதமாகின்றன. எனவே, உழவர் முதலில் தீவனம் இடுவது நுண்ணுயிர்களுக்கே. அவை வாழ்ந்தால்தான் பசு வாழும்.

உமிழ்நீரின் பங்கு

விரைந்து விழுங்கிய தீவனத்தை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுவதே அசைபோடுதல். நலமுள்ள பசு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் அசைபோடும். அப்போது சுரக்கும் உமிழ்நீர் நாளொன்றுக்கு 100 லிட்டரைத் தாண்டும். அதில் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடாவில் உள்ள அதே உப்பு, கலந்துள்ளது. ரூமெனில் உருவாகும் அமிலத்தை இது தணிக்கிறது. அசைபோடுதலைத் தூண்டுவது நீண்ட நாருள்ள தீவனமே.

அமிலம் ஏறுவது எப்படி?

பரோட்டா, சோறு, கஞ்சி, அரைத்த தானியம் ஆகியவற்றில் நார் குறைவு, மாவுச்சத்து மிகுதி. இவை மிகுதியாகச் சேரும்போது மாவுச்சத்து மிக விரைவாக நொதிக்கிறது. லாக்டிக் அமிலத்தை உருவாக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பன்மடங்கு பெருகுகின்றன. மென்மையான உணவு என்பதால் பசு போதிய அளவு அசைபோடுவதில்லை, உமிழ்நீரும் குறைகிறது.

வழக்கமாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும் ரூமெனின் பி.எச். அளவு, கடும் பாதிப்பில் 5-க்கும் கீழே சரிகிறது. நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. இரத்தத்தில் உள்ள நீர் ரூமெனுக்குள் ஈர்க்கப்படுவதால் உடல் வறட்சி ஏற்படுகிறது. அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. உரிய சிகிச்சை கிடைக்காவிடில் ஓரிரு நாட்களில் உயிரிழப்பு நேரலாம்.

தீவனம் எடுக்காமை, அசைபோடுதல் நிற்றல், இடப்பக்க வயிறு உப்புதல், புளித்த நெடியுடன் நீர்த்த சாணம், தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றுள் எது தென்பட்டாலும் மாவுணவை உடனே நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எண்ணெயையோ மருந்தையோ வலிந்து ஊற்றினால், அது நுரையீரலுக்குள் செல்லும் அபாயம் உண்டு.

எவ்வளவு அளிக்கலாம்?

ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், கறவை மாட்டுக்கு அதன் உடல் எடையில் 2.5 முதல் 3 விழுக்காடு வரை தீவனம் தேவை. 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு இது 10 முதல் 12 கிலோ ஆகும். பொதுவாக இதில் மூன்றில் இரு பங்கு பசும்புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனமாகவும், ஒரு பங்கு அடர்தீவனமாகவும் இருப்பது நன்று.

எனினும், வைக்கோல் மட்டுமே போதாது. நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் புரதச்சத்தும் தாது உப்புகளும் தேவை. அவற்றைப் பயறுவகைப் பசுந்தீவனம், பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை ஆகியவை தருகின்றன. உள்ளூரில் கிடைக்கும் தீவனங்களைக் கொண்டே, மாட்டின் எடைக்கும் பாலுக்கும் ஏற்பச் சரிவிகித அளவைக் கணக்கிட்டுத் தரும் திட்டத்தை, குஜராத்தின் ஆனந்த் நகரில் இயங்கும் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் செயல்படுத்தியுள்ளது.

தீவனத்தை மாற்ற விரும்புவோர் 10 முதல் 14 நாட்கள் வரை எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். புதிய தீவனத்திற்கு ஏற்ற நுண்ணுயிர்கள் பெருக அக்கால அவகாசம் இன்றியமையாதது.

விழா நாளில் ஒரு கைப்பிடி பொங்கலோ ஒரு போளியோ பசுவுக்குத் தீங்கு செய்யாது. விருந்தில் மீந்த ஒரு அண்டாச் சோற்றை ஒரே வேளையில் தொட்டியில் கொட்டுவதே ஆபத்து.