பதிவானது எதுவோ, அதைக் காட்ட வேண்டும்

ஒரு செயலியில் புகார் படிவத்தை நிரப்பி அனுப்புகிறோம். பெயர், முகவரி, கைபேசி எண், விவரம் ஆகியவை நாம் கொடுத்தவை. டேட்டாபேஸில் ஏறும் பதிவிலோ புகார் எண்ணும் நேரமும் ‘நிலுவையில்’ என்ற குறிப்பும் சேர்ந்திருக்கும். அவற்றை டேட்டாபேஸே இட்டுக்கொள்கிறது. ட்ரிகர் எனப்படும் தானியங்கி விதி இருந்தால், நாம் கொடுத்த கைபேசி எண்ணின் நடுவே உள்ள இடைவெளிகூட நீக்கப்பட்டிருக்கலாம். அனுப்பியது ஒன்று, பதிவானது இன்னொன்று. ஆகவே செயலி கேட்டால், எழுதிய பதிவை அதே அழைப்பின் பதிலிலேயே டேட்டாபேஸ் திருப்பித் தர வேண்டும் என்பது என் கட்சி.

‘எழுதிய பிறகு இன்னொரு முறை படித்துக்கொண்டால் போயிற்று’ என்பார்கள். எந்த எண்ணை வைத்துப் படிப்பது? அந்த எண்ணே இன்னும் செயலியின் கைக்கு வரவில்லை. ‘கடைசியாகச் சேர்ந்த பதிவைக் கொடு’ என்றால், அதே நொடியில் வேறொருவர் போட்ட புகார் வந்து நிற்கலாம். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் அந்தந்த இணைப்பில் கடைசியாக உருவான எண்ணைச் சரியாகவே சொல்லும். ஆனால் எண்ணை மட்டும்தான். ஏற்கெனவே உள்ள பதிவைத் திருத்தும்போது சிக்கல் வேறு: நாம் எழுதியதற்கும் படிப்பதற்கும் இடையில் இன்னொருவர் அதை மாற்றியிருந்தால், அவர் எழுதியதை நம்முடையது என்று நம்பிவிடுவோம். போஸ்ட்கிரெஸ் 2006-இல் 8.2 பதிப்பிலேயே ‘ரிட்டர்னிங்’ என்ற சொல்லைச் சேர்த்து, எழுதிய பதிவை அதே பதிலில் பெற வழி செய்தது. எஸ்க்யூலைட்டுக்கு அது 2021-இல்தான் வந்தது. வசதி இருந்தாலும் கவனம் வேண்டும். போஸ்ட்கிரெஸில், எழுதுவதற்கு முன் ஓடும் ட்ரிகர் செய்த திருத்தம் பதிலில் தெரியும்; எழுதிய பின் ஓடும் ட்ரிகர் செய்தது தெரியாது. மாங்கோடிபியில் ஒரு பதிவைத் தேடித் திருத்தும் கட்டளை, தனியாகச் சொல்லாவிட்டால், திருத்தத்துக்கு முந்தைய பதிவையே தரும்.

அப்படியானால் கேட்காமலே எப்போதும் தந்துவிடலாமே என்றால், அதை நான் ஏற்க மாட்டேன். போஸ்ட்கிரெஸ் மேல் இயங்கும் சூபாபேஸ் சேவையின் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி முதலில் அப்படித்தான் செய்தது. 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிறுத்திவிட்டது. இப்போது ‘செலக்ட்’ என்று சேர்த்தால்தான் பதிவு வரும். பழகியவர்களுக்கு இது தொல்லைதான், ஆனாலும் சரியான முடிவு. ஆயிரம் பதிவுகளை ஏற்றுபவருக்கு அந்த ஆயிரத்தையும் திருப்பி அனுப்புவது வீண். அதைவிட முக்கியம் அனுமதி. பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கும் டேபிளில் யாரும் எழுதலாம், யாரும் படிக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பார்கள். அங்கே பதிவைத் திருப்பிக் கேட்டால் போஸ்ட்கிரெஸ் படிக்கும் அனுமதியையும் பார்க்கும். அது இல்லையென்றால் எழுதும் வேலையே தோற்றுப்போகும். எழுத அனுமதி கொடுத்தும் ஏன் மறுக்கிறது என்று புதியவர்கள் மணிக்கணக்கில் திணறுவது இங்கேதான். படிக்கும் அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிட்டால் பிழைச்செய்தி மறையும், புகார்களின் விவரமும் வெளியாகும். அதற்குப் பதிலாக வேறொன்றோடு மோதாதபடி உருவாகும் யூயூஐடி வகை அடையாள எண்ணைச் செயலியே உருவாக்கி அனுப்பலாம்; எண்ணைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது. அல்லது பதிவை எழுதிவிட்டு எண்ணை மட்டும் திருப்பித் தரும் ஃபங்ஷனை, டேபிளின் உரிமையாளருடைய அனுமதியில் ஓடும்படி சர்வரில் எழுதி வைக்கலாம்.