சாவி வரலை, சங்கிலி போச்சு!

என்னவருக்கு பெர்லினில் வேலை கிடைத்து, 2022ல் குழந்தையோடு போனோம். விடுதிச் செலவு கட்டுப்படியாகலை. விளம்பரத்தில் பார்த்த வீட்டுக்காரர், 'நான் வெளிநாட்டுல இருக்கேன். 3 மாச வாடகையை அட்வான்சா அனுப்புங்க, சாவி கூரியர்ல வரும்' என்றார். இவரும் அனுப்பினார். என் 5 பவுன் சங்கிலியை விற்ற பணம் அது! சாவி வரவேயில்லை. தேடிப் போனால், அந்த வீட்டில் ஒரு பாட்டி பல வருஷமா குடியிருக்காங்க. பாவம், அவங்களே காபி கொடுத்து, போலீசுக்கும் கூட வந்தாங்க. பணம் இன்னி வரை கிடைக்கலை.

ஜெர்மனி சட்டப்படி, அட்வான்ஸ் 3 மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாதாம். அதையும் 3 தவணையாகக் கொடுக்கலாம். முதல் தவணையே குடித்தனம் தொடங்கும்போதுதான். இதை எங்களுக்குச் சொன்னதும் அந்தப் பாட்டிதான்.

– ஒரு வாசகி, திருச்சி.