நாய் ஆண்டு வெள்ளி நாணயம்: பணம் கொடுக்கும் முன்

சீன நாட்காட்டியில் அடுத்த நாய் ஆண்டு 2030-இல்தான் வருகிறது. ஆனால் 2018-இல் வெளியான நாய் ஆண்டு வெள்ளி நாணயங்கள் சிங்கப்பூரில் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பிரிட்டனின் ராயல் மின்ட் வெஸ்ட் ஹைலண்ட் டெரியரைப் பொறித்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட்டும் நாய் உருவத்தோடு வெளியிட்டது. வளர்க்கும் நாயின் நினைவாகவோ, அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்குப் பரிசாகவோ வாங்குகிறவர்கள் ஏராளம். ஆசை முன்னால் நிற்கும்போது விலையைக் கேள்வி கேட்க மனம் வருவதில்லை. ஏமாற்றுகிறவர்களுக்கு அது போதும்.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்று: விற்கப்படுவது புல்லியன் நாணயமா, புரூஃப் நாணயமா? புல்லியன் என்றால் வெள்ளியின் அன்றைய விலை, அதற்கு மேல் சிறிது கூடுதல், அவ்வளவே. புரூஃப் என்பது கண்ணாடிபோல் மெருகேற்றி, குறைந்த எண்ணிக்கையில், பெட்டியும் சான்றிதழுமாக வருவது. முன்னதைப் பின்னதன் விலைக்குத் தள்ளிவிடுவதுதான் அதிகம் நடக்கும் வேலை. “குறைந்த எண்ணிக்கை” என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். பெர்த் மின்ட்டின் 1 அவுன்ஸ் நாய் நாணயத்துக்கு வைக்கப்பட்ட வரம்பே 3,00,000. இதை அரிய பொருள் என்று எப்படிச் சொல்வது? கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதையே இன்று உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?” அந்தப் பதிலில் உண்மை விலை வெளிவந்துவிடும்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. குறைந்தது 99.9 விழுக்காடு தூய்மையுள்ள, விதிகளுக்குப் பொருந்தும் முதலீட்டு வெள்ளிக்கு 2012 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி இல்லை. சேகரிப்புப் பொருளாக விற்கப்படும் நாணயத்துக்கு 9 விழுக்காடு உண்டு. திருப்பி விற்கும்போது அந்தத் தொகை கைக்கு வராது.

அடுத்தது போலிகள். செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசியவை இணையச் சந்தைகளில் கிடைக்கின்றன. 1 அவுன்ஸ் நாணயம் 31.1 கிராம் இருக்க வேண்டும். ராயல் மின்ட் நாணயத்தின் விட்டம் 38.61 மில்லிமீட்டர், பெர்த் மின்ட்டுடையது சுமார் 45.6. செம்பு வெள்ளியைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், எடையைச் சரிக்கட்டினால் தடிமன் கூடும். தடிமனைச் சரிக்கட்டினால் எடை குறையும். கிராமின் பின்னத்தையும் காட்டும் சமையலறைத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, நாணயத்தை நூலில் கட்டி, அடி தொடாமல் முழுக்கிப் பாருங்கள். தராசு ஏறத்தாழ 3 கிராம் கூடினால் வெள்ளிக்குரிய அடர்த்தி, 3.5 வரை போனால் செம்பாக இருக்கலாம். புரூஃப் நாணயத்தை மட்டும் நனைக்காதீர்கள். காந்தத்தில் ஒட்டினால் போலி. ஒட்டாததால் மட்டும் அசலாகிவிடாது, செம்பும் ஒட்டாது.

வெள்ளைப் புள்ளிகள் படர்ந்தால் போலி என்று பதற வேண்டாம்; அசல் புல்லியனிலும் அவை வரும். வீட்டு வெள்ளிப் பாத்திரத்தைப் போல விபூதி போட்டுத் துலக்கினால்தான் சேகரிப்பு மதிப்பு போய்விடும்.

ஏமாந்துவிட்டால்? கடையில் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், 2012 முதல் நடப்பிலுள்ள ‘லெமன்’ சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைப் பெற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. “மனம் மாறிவிட்டது” என்று இணையத்தில் வாங்கியதைத் திருப்ப இங்கே பொதுவான சட்ட உரிமையும் இல்லை. கடையின் விதிதான் முடிவு. ஆகவே அதை வாங்கும் முன்பே படியுங்கள். வணிகர் சட்ட அமைச்சில் பதிவு செய்தவரா என்றும் பாருங்கள். அந்தப் பதிவு கறுப்புப் பணத்தைத் தடுக்க வந்தது, நாணயத்தின் தரத்துக்கு உத்தரவாதம் அல்ல.

விளம்பரப் படம், உரையாடல், ரசீது, எடை பார்த்த படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் உடனே எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பேநவ் வழியாகப் போன பணத்தை மீட்பது கடினம். கடைக்காரர் இணங்காவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பை அணுகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் கோரலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவர் ஆளே காணாமல் போய்விட்டால் அது மோசடி. உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டு, காவல்துறையில் புகார் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.