காண்டலும் அறிதலும்

“கண்ணால் கண்டேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் வழக்கில்லை என்று கருதுவது உலக இயல்பு. ஆனால் காண்பது கண் மட்டும்தானா? கண்ணில் விழும் உருவம் ‘இது மரம்’, ‘இது மனிதன்’ என்று அறியப்படுவது எவ்வாறு?

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்தும்போது, ஐம்பொறிகளின் அறிவிற்கு மேலாக மனத்தை ஆறாவதாக வைத்தார். பொறிகள் தருவது வேறு, மனம் அறிவது வேறு என்னும் தெளிவு அப்பாகுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

மணிமேகலை கூறும் குற்றங்கள்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை இத்துறையில் ஓர் அரிய கருவூலம். அங்கே அளவைவாதி பத்து அளவைகளைக் கூறுவதோடு, அறிவு பிழைபடும் வழிகள் எட்டனையும் எடுத்துரைக்கிறான். அவற்றுள் மூன்று நமக்கு இங்கே வேண்டுவன. இப்பியை வெள்ளியெனக் கொள்வது திரியக்கோடல். தொலைவில் நிற்பது கட்டுத்தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கொடும்புலி நெருங்குவதைக் கண்டும் அதனைப் புலியென அறியாதிருப்பது கண்டுணராமை. முதலிரண்டும் நம் அனைவர்க்கும் அன்றாடம் நேர்வன. மூன்றாவது நிகழக்கூடியதுதானா என்று மாணவர்கள் வகுப்பில் வினவுவதுண்டு. நானும் பல ஆண்டுகள் அதனை ஒரு புலவனின் கற்பனை என்றே எண்ணியிருந்தேன்.

இப்னுல் ஹைஸமின் விளக்கம்

கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைஸம் ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஒளியியல் நூலை ஏழு பாகங்களில் இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்த கருத்தை அவர் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். இதனைப் பலரும் அறிவர். ஆனால் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை.

வெறும் புலனுணர்ச்சி தருவது ஒளியையும் நிறத்தையும் மட்டுமே. தொலைவு, வடிவு, பருமை, அசைவு முதலிய பிறவெல்லாம் மனம் பகுத்தும் ஒப்பிட்டும் உய்த்தும் அறிவன என்பது அவர் கொள்கை. அந்த உய்த்துணர்வு மின்னல் வேகத்தில் நிகழ்வதால், நாம் உய்த்துணர்வதையே நாம் அறிவதில்லை. இதற்கு அவர் தரும் சான்று எளிமையானது. ஒரு சிறு குழந்தையின்முன் இரண்டு ஆப்பிள்களை வைத்தால் அது அழகானதையே எடுக்கும். ஒப்பிட்டுத் தேர்ந்த பின்னரே எடுத்தது. ஆயினும் தான் ஒப்பிட்டதை அக்குழந்தை அறியாது.

பழகிய பொருளை அறிவது இன்னும் விரைவானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அறிந்த சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை. அதன் முழு வடிவைக் கண்டவுடன் சொல்லிவிடுகிறார். அவ்வாறே, ஒரு பொருளின் சில அடையாளங்கள் கிடைத்தால் போதும். எஞ்சியவற்றை நினைவு நிரப்பிக் கொள்கிறது. இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசல் நகரில் அச்சேறிய இந்நூல் ஐரோப்பிய அறிஞர்க்குப் பாடநூலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ‘நனவிலி உய்த்துணர்வு’ என்று விளக்கியதும் இவ்வழிப்பட்ட கருத்தேயாகும்.

மூளையின் பணி

விழித்திரையில் விழும் உருவம் சிறியது, தலைகீழானது, தட்டையானது. அது நரம்புத் துடிப்புகளாக மாறி மூளையின் பின்பகுதியை அடைகிறது. அங்கே ஒவ்வோர் உயிரணுவும் குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டிற்கே துடிப்பதை ஹியூபெல், வீசெல் என்னும் இருவரும் 1959 முதல் பூனைகளிடம் ஆராய்ந்து கண்டனர். 1981இல் நோபல் பரிசு பெற்றனர். அங்கிருந்து ஒரு பாதை மேல்நோக்கிச் சென்று பொருள் ‘எங்கே’ உள்ளது என்பதையும், மற்றொன்று கீழ்ப்புறமாகச் சென்று அது ‘என்ன’ என்பதையும் அறிய உதவுகிறது. மனித முகத்தை அறிவதற்கென்றே சிறப்பாகத் துடிக்கும் ஒரு பகுதியை 1997இல் நான்சி கான்விஷர் குழுவினர் வெளிப்படுத்தினர்.

கண்டுணராமை

என் வாப்பா பக்கவாதத்தால் தாக்குண்டு எழுந்தபோது, கைகால்கள் தேறின. பேச்சும் தெளிவாக இருந்தது. ஆனால் எதிரே நீட்டிய சாவியை உற்றுநோக்கி, “நீளமாய், ஓரத்தில் பல் பல்லாய் ஏதோ இருக்கிறது” என்றார்களே அன்றிப் பெயர் சொல்லவில்லை. அருகில் நின்ற என்னையும் அறியவில்லை. நான் ஸலாம் சொன்ன பிறகே பெயரிட்டு அழைத்தார்கள். “முதுமையில் புத்தி மங்கிவிட்டது” என்று வீட்டில் முடிவு கட்டினோம். கணக்கு வழக்குகளை அவர்களிடம் கேட்பதை நிறுத்தினோம். அவர்கள் எதிரிலேயே அவர்களைப் பற்றிப் பேசலானோம்.

சில வாரம் கழித்து ஒரு மருத்துவர் அதே சாவியை வாப்பாவின் கையில் வைத்தார். “சாவி, கடைச் சாவி” என்று உடனே விடை வந்தது. கண்ணும் பழுதில்லை, அறிவும் பழுதில்லை. கண்டதை அறிவோடு இணைக்கும் பாதையே பழுதுற்றது என்று அவர் விளக்கினார். 1890இல் லிசாவர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விரிவாக ஆராய்ந்த குறைபாடு இது. சாத்தனார் பெயரிட்ட கண்டுணராமையை நான் ஏட்டில் பன்முறை நடத்தியிருந்தும், என் வீட்டில் கண்டபோது அறியவில்லை.

பழகிக் கற்கும் கண்

பிறவியிலேயே பார்வையற்று, தொட்டே கோளத்தையும் கனசதுரத்தையும் அறிந்த ஒருவர் பார்வை பெற்றால், தொடாமலே அவற்றை வேறுபடுத்துவாரா? இதனை 1688இல் மாலினோ என்பார் தத்துவ அறிஞர் லாக்கிடம் வினவினார். விடை நம் நாட்டுக் குழந்தைகளால் கிடைத்தது. பிறவிப் பார்வைக்குறை நீங்க அறுவை செய்துகொண்ட, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரைப் பவன் சின்ஹா உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். தொட்டறிந்த பொருளை அவர்களால் உடனே கண்டு அறிய இயலவில்லை. ஆயினும் சில நாள்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது. காண்பதும் ஒரு கல்வியே. காலம் தாழ்ந்தாலும் கற்க இயலும் கல்வி.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. சில அடையாளங்களைக் கண்டு முழுமையையும் நிரப்பிக்கொள்வது மனத்தின் ஆற்றல். அதுவே அதன் ஆபத்தும் ஆகும். உடையையோ பெயரையோ கண்ட அளவில் ஒரு மனிதரை முற்றும் அறிந்ததாக எண்ணுவது இப்பியை வெள்ளியெனக் கொள்வதே. இரண்டாவது, நம் இல்லத்து முதியவர் ஒருவர் நம்மை அறியாது நோக்கும்போது, அவர்தம் அறிவு போயிற்று என்று உரைப்பதற்குமுன் அவரைத் தொட்டுப் பேசுவோமாக; தக்க மருத்துவரிடம் காட்டுவோமாக.

வாப்பா அதன்பின் மூன்றாண்டுகள் இருந்தார்கள். நான் அறைக்குள் நுழையுமுன் வாசலிலேயே ஸலாம் சொல்லப் பழகிக்கொண்டேன். கடைக் கணக்கை மீண்டும் அவர்களே வாய்மொழியாகச் சொல்ல, நான் எழுதினேன். ஒரு தொகையும் பிழைக்கவில்லை.