ஓர் அரிசி மணிக்குள் எவ்வளவு சக்தி?

வீட்டில் அரிசி களையும்போது ஒரு மணி தரையில் சிந்திவிடுகிறது. அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஏறத்தாழ 50 மணிகள் சேர்ந்தால்தான் ஒரு கிராம் தேறும். அந்த ஒற்றை மணிக்குள் எவ்வளவு சக்தி அடங்கியுள்ளது எனக் கணக்கிட்டுப் பார்ப்போமா?

1905ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், காப்புரிமை அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய ஐன்ஸ்டைன் என்னும் 26 வயது இளைஞர், பொருண்மையும் சக்தியும் வெவ்வேறல்ல என்று காட்டினார். பொருளின் பொருண்மையை ஒளியின் வேகத்தால் பெருக்க வேண்டும். வந்த விடையை மீண்டும் அதே வேகத்தால் பெருக்க வேண்டும். அதுவே அப்பொருளில் அடங்கிய சக்தியாகும்.

ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 300,000,000 மீட்டர் செல்கிறது. அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கினால், 9க்குப் பின் 16 சுழியங்கள் வரும். நம் அரிசி மணியோ 0.00002 கிலோகிராம். இவ்விரண்டையும் பெருக்கக் கிடைப்பது 1,800,000,000,000 ஜூல். சுழியங்களைக் கவனமாக எண்ணுங்கள்; ஒன்றை விட்டாலும் விடை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்! மின்கட்டணச் சீட்டில் நாம் காணும் ஒரு யூனிட் என்பது 3,600,000 ஜூல். அதனால் வகுத்தால் 500,000 யூனிட் வருகிறது. நாளொன்றுக்கு 10 யூனிட் செலவிடும் வீட்டிற்கு இது 50,000 நாள்களுக்கு, அதாவது 136 ஆண்டுகளுக்கும் மேலாகப் போதும்.

அப்படியானால், நாள்தோறும் சோறு உண்ணும் நாம் ஏன் மலைகளைப் பெயர்ப்பதில்லை? உணவு செரிக்கும்போது அணுக்கள் அழிவதில்லை. அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் முறை மட்டுமே மாறுகிறது. ஆகவே ஓர் அரிசி மணி நம் உடலுக்குத் தருவது ஏறத்தாழ 300 ஜூல்தான். அடுப்பில் விறகு எரிவதும் இவ்வாறே. அணுக்கருவில் மாற்றம் நிகழ்ந்தால்தான் பொருண்மையின் குறிப்பிடத்தக்க பகுதி சக்தியாக வெளிப்படும். யுரேனியத்தின் கருவைப் பிளந்தாலும் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே அவ்வாறு வெளிப்படுகிறது.

அந்தச் சிறு பங்கு என்ன செய்யும்? 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஜப்பானின் ஹிரோசிமா நகர்மீது வீசப்பட்ட குண்டில் ஏறத்தாழ 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அதில் சக்தியாக மாறிய பொருண்மை ஒரு கிராமுக்கும் குறைவு. ஏறக்குறைய 35 அரிசி மணிகளின் அளவு. ஒரு நகரம் அழிந்தது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர்.

சூரியனிலோ அணுக்கருக்கள் பிளவதில்லை, ஒன்றுசேர்கின்றன. அங்கு வினாடிதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் டன் பொருண்மை சக்தியாகிறது. அதில் மிகச் சிறு துளியே பூமியை வந்தடைகிறது. அவ்வொளியைக் கொண்டே வயலில் நெல் விளைகிறது. நாம் உண்ணும் அந்த 300 ஜூலும் அங்கிருந்து வந்ததே.