பழைய ஃபேக்ஸுக்குள் யாருடைய காகிதம்?

ஃபேக்ஸின் காலம் முடிந்துவிட்டது என்பவர்கள், ஜப்பானியக் கம்பெனியோடு வியாபாரம் செய்பவரையோ அமெரிக்க கிளினிக்கிலிருந்து பழைய மருத்துவ ரிப்போர்ட் வாங்க அலைபவரையோ விசாரித்துப் பார்க்கட்டும். "உங்கள் ஃபேக்ஸ் நம்பர்?" என்ற கேள்வி அங்கே இன்னும் வருகிறது. புது இயந்திரம் கிடைப்பது அரிது என்பதால், தேடிப்போகிறவர் சென்னை ரிச்சி தெருவிலோ, செகண்ட்ஹேண்ட் விளம்பரத்திலோ, மூடிய அலுவலகத்தின் சாமான் ஏலத்திலோ போய் நிற்பார். விலை பெரிதாக இருக்காது. ஏமாந்தாலும் போகிற பணம் கொஞ்சம்தான். கவலைப்பட வேண்டியது காகிதத்தைப் பற்றி: முன்பு வைத்திருந்தவருடைய காகிதம், நாளைக்கு உங்களுடையது.

பேனசோனிக் இயந்திரங்களில் மாடல் எழுத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். எஃப்டி என்றால் தெர்மல் ரோல், எஃப்பி என்றால் மை ஃபிலிம், எஃப்எல் என்றால் லேசர். மற்ற கம்பெனிகளிலும் பெரும்பாலும் இதே வகைகள்தான், பெயர்தான் வேறு. இவற்றில் ஃபிலிம் வகையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒரு பக்கம் அச்சாகும்போது எழுத்து விழும் இடத்து மை மட்டும் காகிதத்துக்குப் போய்விடும், அதே எழுத்து ஃபிலிமில் வெளிறிய தடமாக நின்றுவிடும். ஓடி முடிந்த ரோலைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வந்த பக்கங்கள் அத்தனையும் வரிசையாகப் படிக்கக் கிடைக்கும். சம்பளப் பட்டியலாக இருக்கலாம், செக் நகலாக இருக்கலாம், யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவாகவும் இருக்கலாம்.

மெமரியிலும் மிச்சம் இருக்கும். ஸ்பீடு டயல் எண்கள், கடைசியாக அனுப்பியது பெற்றது பற்றிய பதிவு, பேப்பர் தீர்ந்த நேரத்தில் வந்து சேமிப்பிலேயே தங்கிவிட்ட பக்கங்கள். சில மாடல்களில் பேப்பர் வைத்தவுடன் இந்தப் பக்கங்கள் தாமாகவே அச்சாகி வெளியே வரும். வந்தால் போன் கேமராவில் பிடித்து வாட்ஸ்அப்பில் வேடிக்கை காட்ட வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டு, விற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்தின் உச்சியில் சிறிதாக ஓடும் வரியையும் கவனியுங்கள். அதில் பழைய கம்பெனியின் பெயரும் எண்ணும் இருந்தால், நீங்கள் அனுப்பும் கடிதம் அவர்கள் பெயரில் போய்ச் சேரும். பேங்கிலோ இன்ஷூரன்ஸிலோ கையெழுத்து சரிபார்க்கும் இடத்தில் இது வீண் தலைவலி. செட்டப் லிஸ்ட்டை ஒருமுறை அச்செடுத்து, மெமரியை அழித்து, மறுபடி அச்செடுத்து ஒப்பிட்டால் அழிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை சில உண்டு. பின்பக்க ஸ்டிக்கரில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது வெளிநாட்டிலிருந்து வந்தது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். தெர்மல் ரோலை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம், மாற்றி வைத்தால் வெள்ளைத் தாள்தான் வரும். பிறகு ஒரு நகல் எடுங்கள், இதற்கு போன் லைனே தேவையில்லை. நகலில் நெடுக கறுப்புக் கோடு இருந்து, இயந்திரம் தானே அச்சிடும் ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் கோளாறு ஸ்கேனர் கண்ணாடியில். பெரும்பாலும் ஒட்டிய அழுக்குதான், துடைத்தால் போய்விடும். ரிப்போர்ட்டிலேயே வெள்ளைக் கோடு ஓடினால் அச்சுத் தலையில் பழுது. அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள்.

நகல் நன்றாக வருவதால் ஃபேக்ஸ் போகும் என்று அர்த்தமில்லை. மோடம் பகுதி தனி. இயந்திரத்தை ஒரு லைனில் மாட்டி செல்போனிலிருந்து அழையுங்கள். அது எடுத்தவுடன் நீண்ட விசில் சத்தம் கேட்டால் உயிர் இருக்கிறது என்று மட்டும் தெரியும். இரண்டு இயந்திரங்களை ஒரு வயரால் நேராக இணைத்துப் பார்ப்பது பலிக்காது, டயல் டோனும் லைன் மின்சாரமும் வேண்டும். கடையில் சின்ன இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் இருந்தால் இரண்டு எக்ஸ்டென்ஷன்களில் மாட்டி ஒரு பக்கம் அனுப்பச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சோதனைக்குச் சட்டத்திலும் வேலை இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் பொருளைப் பார்வையிட்டிருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்றவரைப் பிறகு பிடிக்க முடியாது. வெளியில் தெரியாத குறைகளுக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் "அனுப்பவும் பெறவும் வேலை செய்கிறது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)படி முறையற்ற வணிக நடைமுறை. பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதும் அதில் அடங்கும். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து மிரண்டு பின்வாங்காதீர்கள்.

தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. வீட்டில் சும்மா கிடந்ததை ஒருமுறை விற்கும் தனிநபர் விஷயம் வேறு. அவரை வியாபாரி என்று ஆணையத்தில் நிறுத்துவது கடினம். அவரிடம் வாங்குவதாக இருந்தால், சோதித்த பிறகே பணம் என்பது மட்டும்தான் உங்களுக்குப் பிடிமானம்.

வீட்டுக்கு வந்தபின் வரும் பெரிய ஏமாற்றம் ஃபைபர் இணைப்பு. அதில் குரல் துணுக்குகளாகப் போகும். பேச்சில் நடுவே ஒரு துணுக்கு விட்டுப்போனால் காது பொறுத்துக்கொள்ளும், ஃபேக்ஸ் பொறுக்காது. பாதிப் பக்கத்தில் லைன் அறுந்துவிடும். இயந்திரத்தின் மேல் பழி போடுவதற்கு முன், மெனுவில் வேகத்தை 14,400இலிருந்து 9,600க்கு இறக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிழைதிருத்த வசதியான இசிஎம்மை அணைத்துப் பாருங்கள். இணைய வழியில் ஃபேக்ஸ் அனுப்புவதற்கான முறை டி.38. இணைப்பு தரும் நிறுவனத்திடம் "டி.38 ஆதரவு உண்டா" என்று கேளுங்கள். செப்புக் கம்பி லைன் இன்னும் வைத்திருப்பவர்கள் இடி மின்னல் நேரத்தில் பவர் பிளக்கோடு போன் வயரையும் பிடுங்கிவிட வேண்டும்.

பிரின்டர், ஸ்கேனர், ஃபேக்ஸ் மூன்றும் ஒன்றாக உள்ள இயந்திரத்தை வைஃபையில் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018இல் செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள், ஃபேக்ஸ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஹெச்பி ஆஃபீஸ்ஜெட்டுக்குள் புகுந்து, அங்கிருந்து அதே நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டரை எட்டிக் காட்டினார்கள். ஹெச்பி உடனே திருத்தம் வெளியிட்டது. பழைய இயந்திரத்தை யாராவது அப்டேட் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியுமா? ஃபேக்ஸ் மட்டும் தேவை என்றால் வைஃபையில் சேர்க்காமலே விட்டுவிடலாம்.

தெர்மல் தாளில் வந்த முக்கியமான பத்திரத்தை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வெயிலும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்தால் எழுத்து மங்கிவிடும். இயந்திரம் கடைசியில் பழுதாகும்போது பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் அட்டவணையில் ஃபேக்ஸும் இருக்கிறது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் மெமரியை அழியுங்கள். ஃபிலிம் ரோலை வெளியே எடுத்து, உங்கள் கையாலேயே துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.